இளமையில் கேட்ட பாட்டு இனிக்காமல் போனது ஏன்?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து, 1964-இல் பிறந்த வாசகர் ஒருவர் ஒன்பது பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பணியாற்றிய ஆலையையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, சித்தப்பாவின் மைக் செட் கடையில் சேர்ந்திருக்கிறார். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று ஆறு ஆண்டுகள் மரத்தில் குழாய் கட்டி ரெக்கார்டு போட்டிருக்கிறார். வேலை இல்லாத மாலைகளில் இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலுக்காகக் காத்திருப்பாராம். 1986-இல் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் ஒரு டேப் ரெக்கார்டரும், அதற்குப் பிறகு மாதம் இரண்டு வெற்றுக் கேசட்டுகளும் வாங்கி, பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிந்து சேர்த்தவை இன்று 340 கேசட்டுகளாக மர அலமாரியில் இருக்கின்றன. ஓய்வு பெற்றதும் அத்தனையையும் உட்கார்ந்து கேட்பது என்பது அவருடைய முப்பது வருடத்துத் திட்டம்.

ஓய்வும் வந்தது, பாட்டு மட்டும் வரவில்லை என்று எழுதுகிறார். மகள் வாங்கித் தந்த நல்ல ஹெட்ஃபோனில் கேட்டாலும் "சாறு பிழிந்த கரும்புச் சக்கை மாதிரி" இருக்கிறதாம். வயலின்கள் எங்கோ பின்னால் போய்விட்டன, சலங்கையைக் காணவில்லை, சில பாடல்கள் சுருதியே இறங்கிப்போய் ஒலிக்கின்றன. கம்பெனிக்காரர்கள் கணினியில் ஏற்றும்போது பாடல்களைக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய முதல் சந்தேகம். தன் மனம் வறண்டுவிட்டது என்பது இரண்டாவது. மனைவியோ, பழசையே நினைத்துக்கொண்டிருப்பது ஒரு நோய் என்றும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றும் சொல்கிறார். இதற்கிடையில் பணிக்கொடையிலிருந்து 1,80,000 ரூபாய் எடுத்து ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் வாங்க ஒரு கடையில் விலை பேசி வைத்திருக்கிறார். வாங்கலாமா, மனநல மருத்துவரைப் பார்க்கலாமா, கேசட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

காது, மூக்கு, தொண்டை மருத்துவரான என்னிடம் உங்கள் கடிதத்தை ஆசிரியர் குழு ஏன் அனுப்பியது என்று நீங்கள் வியக்கக்கூடும். நீங்கள் காதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் ஒன்பது பக்கங்களுக்குள் போகிற போக்கில் நான்கு செய்திகளைச் சொல்லிவிட்டீர்கள். தொலைக்காட்சியின் சத்தத்தை நீங்கள் 38-இல் வைக்க, மனைவி 20-க்குக் குறைக்கிறார். பேத்தி பேசுவது மழலையாக இருப்பதால் புரிவதில்லை. இன்றைய பாட்டுகளில் ஒரு வரிகூட விளங்கவில்லை. கடந்த தை மாதத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. உங்கள் கேள்விகளைவிட இந்த நான்கு வரிகளே எனக்கு அதிகம் சொல்கின்றன. பரிசோதிக்காமல் நோயைப் பெயர் சொல்லி அறிவிப்பது மருத்துவ முறையன்று. ஆகவே கீழே எழுதுவதை வலுவான ஐயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனம் வறண்டுவிட்டதா?

இந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மனச்சோர்வு நோய்க்கு, முன்பு இன்பம் தந்தவை எதுவுமே இன்பம் தராமல் போவது ஒரு முக்கியமான அறிகுறி. ஆனால் அந்த நோயில் பாட்டு மட்டும் தனியாகக் கசப்பதில்லை. சாப்பாடு, உறக்கம், பேரப்பிள்ளை, நண்பர்கள் என்று எல்லாவற்றின் மீதும் ஒரு சாம்பல் படியும்; இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாள் முழுவதும் அப்படியே இருக்கும். நீங்களோ முருங்கை நட்டதையும், காலை ஐந்தரைக்கு டீக்கடை பெஞ்சில் அரசியல் பேசுவதையும், பேத்திக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதையும் ருசித்து எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாதஸ்வரம் உங்களை அழவைத்திருக்கிறது. வறண்ட மனம் எந்தக் கல்யாண வீட்டிலும் அழாது. பத்தடி தொலைவில் நேரடியாகவும் உரக்கவும் வாசிக்கப்பட்ட இசை உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹெட்ஃபோனில் வந்த இசை சேரவில்லை. அப்படியானால் வழியில் எங்கோ அடைப்பு என்றுதான் ஒரு மருத்துவர் நினைப்பார்.

உங்கள் மனைவியின் கருத்தையும் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். பழைய நினைவுகளில் தோய்வதற்கு மேலை மொழிகளில் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லே ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. 1688-இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து ஏங்குகிறவர்களின் உடல்நலிவுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஆனால் இன்றைய மருத்துவம் அதை நோயாகக் கருதுவதில்லை. முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான, பயனுள்ள ஒரு மனவேலை என்று அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். முதியோர் மருத்துவத்தில் அந்தக் கருத்து நிலைத்துவிட்டது. உறக்கம் கெட்டாலோ, பசி குறைந்தாலோ, வாழ்வது வீண் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போதைக்கு உங்கள் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர் அவரல்லர்.

காது எதை இழக்கிறது

உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலருகே நிற்பவை உச்ச அதிர்வெண்களையும், உள்ளே சுருளின் முனையில் நிற்பவை தாழ்ந்த அதிர்வெண்களையும் ஏற்கின்றன. வயதாலும் இரைச்சலாலும் முதலில் பாதிக்கப்படுபவை வாசற்பக்கத்துச் செல்கள்தாம். ஒருமுறை அழிந்தால் அவை மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. குழந்தைப் பருவத்தில் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20,000 அதிர்வுகள்) வரை கேட்ட காது, அறுபது வயதில் 12,000-க்குக் கீழேயே நின்றுவிடுவது சாதாரணம்.

உங்கள் விஷயத்தில் வயது மட்டுமன்று. இருபது வயதில் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறீர்கள். பிறகு பல ஆண்டுகள் ஸ்பின்னிங் பிரிவில் இருந்திருக்கிறீர்கள். மில்லுக்குள் எல்லோரும் சைகையில்தான் பேசிக்கொள்வோம் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு கை தொலைவில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடியும் என்றால் அந்த இடத்தின் இரைச்சல் காதுக்குக் கேடு செய்யும் அளவு என்று கொள்ளலாம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபெல்லை எல்லையாக வைத்திருக்கின்றன. காதில் பஞ்சு வைத்துக்கொண்டதாகச் சொல்கிறீர்கள். பஞ்சு தடுக்கும் இரைச்சல் மிகச் சொற்பம். இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளமாகத் தொடங்கும். வயது அந்தப் பள்ளத்தை மேல் நோக்கி விரித்துவிடும்.

இதை இசைக்குப் பெயர்த்துச் சொல்கிறேன். பியானோவின் வலக்கோடிக் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். பாடகரின் சுரங்கள், தபேலாவின் இடக்கை, பேஸ் கிடார் எல்லாம் அதற்கு வெகு கீழே இருக்கின்றன. ஆகவே மெட்டு எங்கும் போய்விடுவதில்லை. பாட்டை நீங்கள் தவறாமல் அடையாளம் காண்கிறீர்கள். ஆனால் வயலினை வயலினாகக் காட்டும் மேலொலிகள் (சுரத்தோடு கூடவே எழும் உச்ச ஒலிகள்), புல்லாங்குழலின் மூச்சு, சலங்கை, ஜால்ரா, டிரம்ஸில் தட்டுகளின் சிலிர்ப்பு, பாடகர் 'ச'வையும் 'ஸ'வையும் சொல்லும்போது எழும் காற்றோசை எல்லாம் மேல் தளத்தில் குடியிருப்பவை. அந்தத் தளத்தில் விளக்கு அணைந்தால் வீடு நிற்கும், வெளிச்சம் போய்விடும். உங்கள் பட்டியலில் "காணாமல் போனவை" அத்தனையும் அந்தத் தளத்துக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். பேத்தியின் பேச்சும் அப்படித்தான். குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் முதலில் மங்கும். அவள் மழலை பேசுகிறாளா என்பதை மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்றைய பாட்டுகளில் வரி விளங்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மனப்பாடமான பழைய பாட்டில், காது தவறவிடும் எழுத்துகளை மூளை நினைவிலிருந்து எடுத்து நிரப்பிவிடுகிறது. புதிய பாட்டுக்கு அப்படிக் கைவசம் இருப்பு இல்லை. (காது நன்றாக இருக்கிற எனக்கும் சில பாட்டுகளில் வரி விளங்குவதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.)

கம்பெனிகள் கெடுத்துவிட்டன என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். தேய்ந்த தட்டிலிருந்தும் பழைய நாடாவிலிருந்தும் அவசரமாக ஏற்றிய படிகள் இணையத்தில் ஏராளம். அசல் பாடகரல்லாத வேறொருவர் பாடிய படியும் அதே பெயரில் கிடைக்கிறது. ஆனால் நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கிய எம்பி3 பாட்டுக் கோப்பு பொதுவாக வெட்டி எறிவது 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை. அறுபத்தொரு வயதில் அதை உங்களாலும் கேட்க முடியாது, என்னாலும் முடியாது. உங்கள் மகளுக்கு அதே ஹெட்ஃபோனில் அதே பாட்டைக் கொடுத்து, சலங்கை கேட்கிறதா என்று கேளுங்கள். ஐந்து நிமிடச் சோதனை இது, செலவும் இல்லை.

அன்று நீங்கள் கேட்டது எந்த ஒலி

இங்கே ஒரு சிக்கலை நானே எழுப்ப வேண்டியிருக்கிறது. இலங்கை வானொலியை நீங்கள் கேட்டது மத்திய அலையில். நம் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டவை. அந்த நெருக்கத்தில் 4,500 அல்லது 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வீடு வந்து சேர்வதில்லை. குழாய் ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் விழுங்கிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் ஊருக்குக் கூவும் கருவிதான். அதாவது பதினேழு வயதில், இன்றைய உங்கள் காதைப் போலவே மேல் தளம் இருண்ட ஒரு பெட்டியில் கேட்டு, அந்தப் பாட்டுகளின் மீது உயிரை விட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்று மட்டும் ஏன் இனிக்கவில்லை?

இதற்கு ஒரே காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பழுதுபட்ட காது வெறும் வடிகட்டி அன்று. மெல்லிய ஒலியை விட்டுவிடும், உரத்த ஒலி வந்தால் திடீரென்று கூசும். இப்படிப்பட்ட காது உள்ளவர்கள் "சத்தமாக வை" என்பார்கள். வைத்தால் "ஏன் இப்படி அலற வைக்கிறாய்" என்பார்கள். இடையில் இருக்கும் இன்பமான அகலம் குறுகிவிடுகிறது. இசையின் நெளிவு சுளிவெல்லாம் அந்த அகலத்தில்தான் நடக்கிறது. அன்றைய வானொலி உங்கள் காதின் அந்த அகலத்தைத் தொடவில்லை. மேலும் சிலருக்கு ஒரே சுரம் இரண்டு காதிலும் இரு வேறு சுருதியில் விழும். அப்போது நல்ல பாட்டும் ஒட்டாமல் நிற்கும்.

சுருதி இறங்கியதாக நீங்கள் சொல்வதற்கு வேறொரு காரணத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். நம் ஊர் டேப் ரெக்கார்டர்களின் மோட்டார்கள் அவ்வளவு ஒழுக்கமாக ஓடியதில்லை. வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். உங்கள் பெட்டி கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால், இருபது ஆண்டுகள் நீங்கள் நேசித்தது அரைக்கட்டை ஏறிய பாட்டை. இன்று இணையத்தில் சரியான சுருதியில் கேட்கும்போது அதுவே இறங்கிப்போனதாகத் தோன்றுகிறது. எது அசல் என்று நான் வாதாட வரவில்லை. உங்கள் நினைவில் இருப்பது உங்கள் டேப் ரெக்கார்டர் பாடிய பாட்டு என்று மட்டும் சொல்கிறேன்.

வயதுக்கும் இதில் இடம் உண்டு. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை மற்றக் காலத்தைவிட அடர்த்தியாக நினைவில் நிற்கின்றன என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட செய்தி. 1976-இல் இளையராஜா திரைக்கு வந்தபோது உங்களுக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் அந்த அடர்த்தியான வயதும் அவருடைய முதல் பத்தாண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமைந்துவிட்டன. பாட்டோடு சேர்த்து மரத்தடியையும், பந்தல் வாசனையையும், நீங்கள் பெயர் எழுதாமல் விட்டிருக்கும் அந்த மாடி வீட்டுப் பெண்ணையும் பதிந்து வைத்திருக்கிறீர்கள். ஆளில்லா வீட்டில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு வேலையும் இல்லாமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பாட்டு மட்டும் வரும், மற்றவை வருவதில்லை. அந்தக் குறையைச் செவித்துணைக் கருவியும் தீர்க்காது, 1,80,000 ரூபாய் ஸ்பீக்கரும் தீர்க்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை.

ஆனால் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களோடும் வலுவான நினைவும் விருப்பமும் கொண்டிருந்தது தெரியவந்தது. நீங்கள் சமையலறைப் பக்கம் வைத்துக் கேட்ட கேசட்டுகள் அவளுடைய குழந்தைப் பருவத்திலும் பதிந்திருக்கும்.

இரவில் கேட்கும் பாட்டு

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், "மனைவிக்குத் தெரியாது" என்ற குறிப்போடு எழுதியிருந்ததை வெளியிடலாமா என்று யோசித்தேன். இதே பயத்தை மூடி வைத்திருக்கும் வேறு வாசகர்கள் இருப்பார்கள் என்பதால் வெளியிடுகிறேன். இரவில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, எங்கோ தொலைவில் குழாயில் பாட்டுப் போடுவதுபோல் கேட்கிறது. எழுந்து வாசலுக்குப் போனால் ஒன்றுமில்லை என்கிறீர்கள். பைத்தியத்தின் தொடக்கமோ என்று அஞ்ச வேண்டாம். செவித்திறன் குறைந்த முதியவர்களிடம் இது அறியப்பட்ட நிகழ்வு. வெளியிலிருந்து வரும் ஒலி குறையும்போது மூளை தன் கிடங்கிலிருந்து எடுத்து ஓட்டுகிறது. அது எடுப்பது பெரும்பாலும் இளமையில் கேட்ட பாட்டாகவே இருக்கும். காதுக்கு உரிய சிகிச்சை தொடங்கியதும் பலருக்கு இது தணிந்துவிடுகிறது. ஆனால் பாட்டுக்குப் பதிலாக யாரோ உங்களிடம் பேசுவதாகவோ ஏவுவதாகவோ கேட்டாலும், கூடவே தலைவலி, வலிப்பு, நினைவுக் குழப்பம் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனைவியிடமும் சொல்லிவிடுங்கள், வாசலுக்கு எழுந்து போவதை அவர் கவனிக்காமலா இருப்பார்?

இனி என்ன செய்யலாம்

முதலில் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. சில நேரம் குரும்பி (காதழுக்கு) அடைத்திருக்கும். எடுத்தவுடன் பாதி வழக்கு முடிந்துவிடும். பிறகு செவித்திறன் வரைபடம் எடுப்பார்கள். 250-இலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று இரண்டு காதுக்கும் தனித்தனியே பார்ப்பது அது. வலி இல்லை, அரை மணி நேரம் போதும். சொற்கள் எவ்வளவு தெளிவாகப் புரிகின்றன என்ற சோதனையையும் கேட்டுப் பெறுங்கள். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பதையும், எப்போதாவது காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டும் காதைத் தொடுபவை. ஒரு காதில் மட்டும் குறை அதிகமாகவோ இரைச்சல் ஓயாமலோ இருந்தால் மேற்கொண்டு ஸ்கேன் தேவைப்படலாம். ஒரே நாளில் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசர நிலை; உடனே மருத்துவம் தொடங்க வேண்டும், சளி என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது.

இணையத்தில் மலிவாக விற்கும் காது மெஷினை நண்பர் பரிந்துரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி உயர்த்தும். கேட்கிற தாழ்ந்த ஒலியை அலற வைத்து, மீதி இருக்கும் செல்களையும் பாதிக்கக்கூடும். செவித்துணைக் கருவி என்பது உங்கள் வரைபடத்தின் பள்ளங்களுக்கு ஏற்ப நிரப்பும்படி அமைக்கப்படுவது. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற செவித்திறன் வல்லுநரிடம் அமைத்துக்கொண்டு, வீட்டில் சில நாட்கள் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அவரிடம் நீங்கள் தவறாமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தக் கருவிகள் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் புல்லாங்குழலை அவை விசில் தொல்லை என்று எண்ணி அடக்கும், தம்பூராவை இரைச்சல் என்று எண்ணிக் குறைக்கும். இசைக்கென்று தனியாக ஓர் அமைப்பு வேண்டும், அதில் இந்த அடக்குமுறைகளைத் தளர்த்த வேண்டும் என்று கேளுங்கள். நாற்பது ஆண்டுகளாக உங்களுக்கு நெருக்கமான மூன்று பாடல்களைக் கைபேசியில் கொண்டுபோங்கள். கருவியைச் சரிசெய்ய அவை நல்ல அளவுகோல். முதல் சில வாரங்கள் எல்லாம் தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். மூளை பழகுவதற்குள் மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறவர்கள் பலர்.

இழந்த செல்களை எந்தக் கருவியும் திருப்பித் தராது என்பதால் உங்கள் பதினேழு வயதுக் காது கிடைக்காது. ஆனாலும் இதை ஒத்திப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குப் பாட்டு மட்டும் காரணமன்று. கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு, மறதி நோய்க்கான மாற்றத்தக்க ஆபத்துக் காரணிகளுள் ஒன்று என்று 2017-இலிருந்து 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கைகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. காரணி என்றால் விதி என்று பொருளன்று. பயப்பட வேண்டாம், கவனித்தால் போதும்.

அதுவரை ஹெட்ஃபோனை முழுச் சத்தத்தில் வைப்பதை நிறுத்துங்கள். வாரத்துக்கு 80 டெசிபெல் என்றால் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. காணாமல்போன சலங்கையைத் தேடிச் சத்தத்தைக் கூட்டினால் இருக்கிற வயலினும் போகும்.

சட்டத்தில் உங்களுக்கு உள்ளவை

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க (அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய) நோயாகச் சேர்க்கப்பட்டது. நீங்கள் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தவர் என்றால், பரிசோதனை அறிக்கையையும் பணிக்காலச் சான்றையும் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஓய்வுக்குப் பிறகு, மைக் செட் இரைச்சலையும் வயதையும் கழித்து ஆலையின் பங்கை மெய்ப்பிப்பது கடினம். ஆகவே அந்தப் பணத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபெல்லுக்கு மேல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்ற வரையறைக்குள் வர முடியும். கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் அந்த அளவுக்குப் போயிருக்க மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. ஆலையில் இன்னும் வேலை பார்க்கும் உங்கள் தம்பி மகனிடம் மட்டும், பஞ்சை எறிந்துவிட்டு முறையான காதுக் கவசத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அலமாரியும் ஆம்ப்ளிஃபயரும்

கேசட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போட வேண்டாம். நம் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெண்புள்ளி தெரிகிறவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், அவற்றை ஓட்டினால் ஹெட்டிலும் ஒட்டி மற்றவற்றுக்கும் பரவும். மீதியை ஓட்டும்போது நாடாவை அழுத்தும் சிறிய பஞ்சுப்பட்டை உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே பாடல்கள் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு உறையிலும் உங்கள் இளவயதுக் கையெழுத்தில் இருக்கும் பாட்டுப் பட்டியலும், ரெக்கார்டிங் சென்டர்காரர் இடம் மிஞ்சியதற்காகத் தாமே சேர்த்துப் போட்ட கடைசிப் பாட்டும் எந்த இணையத்திலும் இல்லை. மகளை விட்டு, கேட்கத் தகுந்தவற்றை உங்கள் வீட்டு உபயோகத்துக்குக் கணினியில் ஏற்றி வையுங்கள்.

ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை, அதை வாங்கவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயுள் முழுவதும் உழைத்த பணம் உங்களுடையது. செவித்திறன் வரைபடம் கைக்கு வந்து, கருவி தேவையென்றால் அது பழகிய பிறகு, அந்தக் கடைக்கே போய் அதே ஸ்பீக்கர்களை உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அப்போது 40,000 ரூபாய்ப் பெட்டியே போதும் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். கடைக்காரருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறீர்களா என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. கொடுத்திருந்தால், இரண்டு மாதம் தள்ளி வாங்கிக்கொள்வதாக இன்றே சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்